பத்து வாரத்தில் என்ன ஆராய்ச்சி?

அமெரிக்காவில் கால்நடை மருத்துவம் படிக்கிறவர்களுக்குக் கோடை விடுமுறையில் ஆராய்ச்சிப் பயிற்சி கொடுக்கும் திட்டங்கள் நிறைய. கார்னெல் பல்கலைக்கழகத் திட்டம் 10 வாரம். என்.ஐ.எச் தரும் டி35 நிதியிலும் இரண்டு மூன்று மாதம்தான். உதவித்தொகை உண்டு, கடைசியில் ஒரு போஸ்டர்.

நல்ல விஷயம்தான். ஆனா வெற்றியை அளக்கிற விதம் எனக்கு உறுத்துது. "எங்களிடம் பயின்றவர்களில் இத்தனை பேர் ஆராய்ச்சிக்குப் போனார்கள்" என்பது பெரும்பாலும் கணக்கு. ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்தானே விண்ணப்பிக்கிறார்? அதிலும் வடிகட்டித்தானே எடுக்கிறீர்கள்? இடம் கிடைக்காதவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று பார்த்தால்தானே ஒப்பீடு! எங்க வேலையில் ஒரு பட்டனின் நிறத்தை மாற்றவே பயனர்களை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதிப்போம்.

அடுத்தது காலம். 1889 கோடையில் தியோபால்ட் ஸ்மித்தும் கால்நடை மருத்துவர் கில்போர்னும் டெக்சாஸ் மாட்டுக் காய்ச்சல் சோதனைகளைத் தொடங்கினார்கள். உண்ணி உதிரணும், முட்டையிடணும், முட்டை பொரிக்கணும், குஞ்சு இன்னொரு மாட்டில் ஏறணும். உண்ணிதான் நோயைக் கடத்துகிறது என்று 1893ல் அறிக்கை வருவதற்குள் நான்கு கோடை ஓடிவிட்டது. இத்தனைக்கும் நெறிமுறைக் குழு அனுமதியெல்லாம் இல்லாத காலம். இன்று மாணவர் வந்த பிறகு அனுமதி கேட்க ஆரம்பித்தால் கோடை அதிலேயே போய்விடும். அதனால் பேராசிரியர் ஏற்கெனவே போட்டுவைத்த சோதனையில் ஒரு துண்டுதான் மாணவருக்குக் கிடைக்கும். கேள்வி அவருடையதில்லை.

அதே மாணவரை அடுத்த வருடமும் கூப்பிடலாமே? முதல் கோடையில் கேள்வி, இடைப்பட்ட மாதங்களில் அனுமதி, இரண்டாம் கோடையில் சோதனை. நான்கு வருடப் படிப்பில் கடைசி வருடம் மருத்துவமனைப் பணிக்குப் போய்விடுவதால், பொதுவாக முழுசாகக் கைக்கு வருவதும் அந்த இரண்டு கோடைதான்.