மும்பைத் தமிழ் எழுத்து மன்றங்களும் நகர்மொழியும்

தமிழகத்திற்கு வெளியே இயங்கும் எழுத்தாளர் மன்றங்களின் பணியை மதிப்பிடப் புகுவோர் பெரும்பாலும் எண்ணிக்கைகளையே முன்வைக்கின்றனர். நடந்த கூட்டங்கள் எத்தனை, வெளிவந்த மலர்கள் எத்தனை, சிறப்பு விருந்தினராகத் தமிழகத்திலிருந்து வந்து சென்றோர் யாவர், அவர்களுக்கு அணிவிக்கப்பெற்ற பொன்னாடைகள் எத்தனை என்றவாறு அறிக்கைகள் அமைகின்றன. இவை பயனற்றவை அல்ல. எனினும் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் வேண்டுவது பிறிதொரு கணக்காகும். ஒரு நகரத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ் எழுதுவோர் கூடிப் பேசி வந்துள்ளனர் எனில், அந்நகரத்தின் தமிழ் எழுத்தில் பதிவாகியுள்ளதா, அந்நகரத்தின் பிற மொழிகளோடு தமிழ் என்ன கொடுக்கல் வாங்கல் செய்துள்ளது என்பனவே அக்கணக்கின் வினாக்கள். மும்பை இவ்வினாக்களுக்குத் தக்க களமாகும்.

மும்பைத் தமிழ் என ஒற்றை வழக்கு எதுவும் இல்லை என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளல் வேண்டும். தாராவியில் தோல் பதனிடும் தொழிலை ஒட்டிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தமிழர் குடியேறினர். அவருள் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தோர் மிகுதி. அங்கே 'அண்ணாச்சி' என்னும் விளி இன்றும் கேட்கிறது. மாடுங்காவிலும் பின்னர்ச் செம்பூரிலும் அலுவலகப் பணியை நாடி வந்த குடும்பங்கள் தஞ்சை, பாலக்காட்டுப் பிராமண வழக்குகளைக் கொண்டு வந்தன. மாடுங்காவில் 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் இக்குடியேற்றத்தின் நிறுவனச் சான்று. இரண்டு பகுதிகளுக்கும் இடையே தொலைவு சில கிலோமீட்டரே. பேச்சுத்தமிழின் தொலைவோ அதனினும் பெரிது. (செம்பூர் என எழுதியவுடன் அது ஒரு தமிழ் ஊர்ப்பெயர் போலவே தோற்றம் கொள்கிறது. 'செம்மை' என்பதிலிருந்து அதற்கு மூலம் காட்டும் ஆர்வத்தை ஆய்வாளர் அடக்கிக்கொள்வது நன்று. அது மராத்திப் பெயரின் தமிழ் ஒலிவடிவம் மட்டுமே.)

இவ்விரு கரைகளுக்கும் பொதுவான இடமாக அமைந்தது சயானில் உள்ள தமிழ்ச் சங்கம். அதை ஒட்டியும், பின்னர்த் தனித்தும் எழுத்தாளர் வட்டங்கள் பல இயங்கின. ஆயின் பொதுவான இடத்தில் பேசப்பட்ட தமிழ் இரு கரையினதும் அன்று, அது மேடைத்தமிழ். பல்வேறு வட்டார வழக்கினர் ஒருங்கு கூடுமிடத்தில் நடுநிலையான ஒரு வழக்கு தேவைப்படுவது இயல்பே. திராவிட இயக்கத்தின் செல்வாக்கும் அவ்வழக்கிற்கு மதிப்பைக் கூட்டியது. இதன் விளைவு ஒன்று கருதத்தக்கது. மேடையில் மதிக்கப்பெறும் மொழியே எழுத்திலும் மதிக்கப்பெறும் என்னும் எண்ணம் நிலைபெற்றபோது, வீட்டிலும் தெருவிலும் வழங்கிய தமிழ் எழுதத் தகாததாயிற்று. மன்ற மலர்களுக்குரிய கவிதைகளில் பொதிகையும் பொருநையும் வந்த அளவிற்கு மித்தி ஆறு வரவில்லை.

இந்நிலை மும்பைக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்தில் 1943இல் தோன்றிய மறுமலர்ச்சிச் சங்கம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அச்சங்கத்தார் நடத்திய 'மறுமலர்ச்சி' இதழ் 1946 முதல் 1948 வரையே வெளிவந்தது. வரதர் முதலானோர் முன்னின்ற அவ்விதழ் மகாகவி போன்றோர்க்குக் களம் தந்து, ஈழத்து எழுத்து தன் மண்ணைப் பார்க்க வேண்டும் என்னும் உணர்வை விதைத்தது. அவ்வுணர்வு வளர்ந்து, 1960களின் தொடக்கத்தில் பேச்சுவழக்கை எழுதுவது 'இழிசனர் வழக்கு' எனப் பழிக்கப்பட்டபோது, அதனை எதிர்த்து வாதிடும் அளவிற்குத் திண்மை பெற்றிருந்தது. மும்பையில் அத்தகைய வாதம் வெளிப்படையாக எழுந்ததில்லை. வாதம் எழாமைக்குக் காரணம் இணக்கம் என்று கொள்வதற்கில்லை. எழுதுவோர் தம் வாசகர் சென்னையில் இருப்பதாகக் கருதியமையே காரணமாகலாம். கோவைக்கும் சென்னைக்கும் அனுப்பி அச்சேற வேண்டிய கதையில் தாராவியின் கலப்புமொழியை எழுதத் துணிவோர் சிலரே.

துணிந்தோரைப் பற்றி இனிக் காணலாம். நாஞ்சில் நாடன் 1970களின் தொடக்கத்தில் வேலை நாடிப் பம்பாய் சென்று 1989 வரை அங்கு வாழ்ந்தவர். தமிழ்ச் சங்கம் வெளியிட்ட 'ஏடு' இதழில் அவர் தொடக்கக் காலத்தில் எழுதினார். அவருடைய முதற் சிறுகதையாகிய 'விரதம்' 1975இல் 'தீபம்' இதழில் வந்தது. பம்பாயை நேரே களமாகக் கொண்ட 'மிதவை' 1986இலும், 'சதுரங்கக் குதிரை' 1993இலும் நூல்வடிவம் பெற்றன. இரண்டிலும் நகரம் வேலைக்காகவும் வாடகைக்காகவும் அலையும் ஓர் ஆடவனின் நகரம். எண்ணவோட்டம் நாஞ்சில் நாட்டுத் தமிழில் நிகழ்கிறது. புறவுலகம் இந்தியிலும் மராத்தியிலும் நிகழ்கிறது. இவ்விரண்டையும் ஒரே உரைநடையில் இணைக்கும் சிக்கலை அவர் எதிர்கொண்ட முறை தனியே ஆராயத்தக்கது.

மன்றச் செயற்பாடு ஒன்றின் உண்மையான பயன் எங்கே வெளிப்படும் என்பதற்கும் அவரே சான்று. பம்பாயில் ரா. பத்மநாபனிடம் அவர் கம்பராமாயணம் பாடம் கேட்டார். மேடையோ மாலையோ இல்லாத பாடம் அது. அப்பயிற்சி அவருடைய சொல்வளத்திற் படிந்து, பின்னாளில் 'கம்பனின் அம்பறாத்தூணி' என்னும் நூலாகவும் விளைந்தது. அதனைச் சாதனைப் பட்டியலில் சேர்க்கும் வழக்கம் இல்லை. ஏனெனில் அதற்குப் புகைப்படம் இல்லை. ஒரு மூத்தவர் பாட்டைப் படித்துச் சொற்பொருள் கூறச் சிலர் ஆண்டுக்கணக்கில் கேட்டல் என்பது, அச்சகமும் பதிப்பகமும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் அருகில் இல்லாத ஊரில் எழுத்தாளனுக்குக் கிடைத்த பள்ளி எனலாம். சாகித்திய அகாதெமி அவருக்கு 2010இல் பரிசளித்தபோது அவர் அந்நகரை நீங்கி இருபத்தோர் ஆண்டுகள் ஆகியிருந்தன.

அம்பையின் பாதை வேறு. மன்றங்களின் வட்டத்திற்கு வெளியே நின்று எழுதியவர் அவர். 1988இல் மும்பையில் அவர் நிறுவிய 'ஸ்பேரோ' என்னும் பெண்கள் ஆவணக்காப்பகம் ஒலியையும் படத்தையும் வாய்மொழி வரலாற்றையும் திரட்டியது. பல இந்திய மொழிகளின் பெண் எழுத்தாளர்களை ஆங்கிலத்தில் தொகுத்துத் தந்தது. எழுத்தாளர் கூட்டமைப்பு ஒன்று செய்யத்தக்க பணி இது, செய்தது ஆவணக்காப்பகம். 2014இல் வெளிவந்த 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' தொகுப்பில் சுதா குப்தா என்னும் துப்பறிவாளர் மும்பையின் பல மொழியினரிடையே நடமாடுகிறார். அம்பை கலப்புமொழியைப் பெரிதும் எழுதிக் காட்டுவதில்லை. பொதுத்தமிழிலேயே உரையாடலை அமைத்து, பேசப்படும் மொழி எது என்பதைச் சூழலால் உணர்த்துகிறார். மும்பையிலேயே வாழ்ந்து எழுதும் புதிய மாதவியோ நகர்ச்சொற்களுக்குக் கூடுதல் இடம் தருகிறார். 'மின்சார வண்டிகள்' என்னும் நூற்பெயரே நகரின் அன்றாடத்தைச் சுட்டுவது.

எழுத்தும் ஒலியும்

நகர்ச்சொற்களைத் தமிழெழுத்தில் எழுதும்போது நேர்வன யாவை என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். மராத்தியில் அறையைக் குறிக்கும் சொல் மூச்சொலியுடைய ககரத்தில் தொடங்குவது. தாராவித் தமிழர் வீட்டுவாடகை பற்றிப் பேசும்போது தவறாது வரும் சொல் அது. தமிழில் எழுதினால் 'கோலி' ஆகிறது. சிறுவர் உருட்டி விளையாடும் கோலியும் அவ்வாறே எழுதப்படுவது. தாராவியின் தொல்குடிகளாகிய மீனவரின் பெயரையும் தமிழ் இதழ்கள் 'கோலி' என்றே எழுதுகின்றன. மூன்று சொற்கள், ஒரே எழுத்துவடிவம். மூச்சொலியையும் ஒலிப்பையும் வேறுபடுத்தாத தமிழ் நெடுங்கணக்கின் இயல்பு இது என்று இதனை விட்டுவிடலாம். ஆனால் மீனவர் பெயரில் மராத்தியார் ஒலிப்பது வளைநா ளகரம். தமிழில் அதற்கு எழுத்து உண்டு. 'கோளி' என எழுதத் தடையேதுமில்லை. எழுதியிருப்பின் குழப்பத்தில் ஒரு பகுதி தீர்ந்திருக்கும்.

தொழிலாளர் வாழும் வரிசைக் குடியிருப்பின் பெயரும் அத்தகையதே. மராத்தியில் அதன் ஈறு ளகரம். தமிழ்க் கதைகளில் அது பெரும்பாலும் 'சால்' என லகர ஈற்றோடு வருகிறது. உழவுச்சாலையும் நீர்ச்சாலையும் அறிந்த வாசகன் ஒரு கணம் திகைக்கிறான். அண்டை வீட்டார் வாயில் ளகரமாகக் கேட்கும் சொல், எழுதும்போது லகரமாவது எவ்வாறு? செவிவழி வந்த சொல்லாயின் இம்மாற்றம் நேர்ந்திராது. ஆங்கில எழுத்துக்கூட்டலை நோக்கி எழுதியமையே காரணமாதல் வேண்டும்.

'பாய்' என்பது இன்னும் சுவையான சிக்கல். தமிழகத்தில் அது இசுலாமியரை விளிக்கும் சொல். மும்பையில் சகோதரன் என்னும் பொருளில் யாவரையும் விளிப்பது. குற்றவுலகத் தலைவனுக்கும் அடைமொழியாவது. வீட்டுவேலை செய்யும் பெண்ணைக் குறிக்கும் மராத்திச் சொல்லும் தமிழெழுத்தில் ஏறத்தாழ அதுவே. சிலர் அதனைப் 'பாயி' என எழுதி வேறுபடுத்த முயல்கின்றனர். எல்லாரும் அவ்வாறு செய்வதில்லை. 'இன்றைக்குப் பாய் வரவில்லை' என ஒரு மும்பைக் கதையில் தொடர் வருமாயின், வராதவர் ஆணா பெண்ணா என்பதைச் சூழலே முடிவு செய்தல் வேண்டும். முன்னிலைப் பெயர்களும் இடர்ப்பாடு தருவன. இந்தி மூன்று படிநிலைகளை உடையது. பம்பாய் இந்தி அவற்றுள் மரியாதைப் படிநிலையை அருகியே வழங்குகிறது. தமிழ் ஆசிரியன் 'நீ' என எழுதினால் பேசுவோன் முரடனாகத் தோன்றுகிறான். 'நீங்கள்' என எழுதினால் நகரத்தின் தெருத்தன்மை மறைகிறது. இத்தகைய சொற்களையும் விளிகளையும் திரட்டிப் பொருள்விளக்கத்தோடு வெளியிடுதல் மன்றம் ஒன்றால் எளிதில் இயலும் பணி. அதற்குப் பெருநிதி வேண்டா. கேட்டெழுதும் செவி போதும்.

அண்டை மொழி

மன்றங்களின் பெருங்குறை மராத்தியோடு உறவு கொள்ளாமையே. காண்டேகரின் புதினங்கள் கா. ஸ்ரீ. ஸ்ரீ.யின் மொழிபெயர்ப்பில் 1940களிலேயே தமிழ் வாசகர்க்கு நெருக்கமாயின. அவ்வழியை அமைத்தவை தமிழகத்து இதழ்களும் பதிப்பகங்களும்; பம்பாயின் தமிழ் மன்றங்கள் அல்ல. தலித் இலக்கியத்தில் இக்குறை மேலும் உறுத்துகிறது. நாம்தேவ் தசாலின் 'கோல்பிட்டா' 1972இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே தலித் சிறுத்தைகள் இயக்கமும் பம்பாயில் தோன்றியது. தயா பவாரின் 'பலுத்த' 1978இல் வந்தது. அக்காலத்தில் தாராவியின் தமிழருள் பெரும்பகுதியினர் ஆதிதிராவிடர். தமக்கெனச் சங்கமும் நடத்தியவர்கள். மராத்தி தலித் எழுத்தாளர் வாழ்ந்த குடியிருப்புகளுக்கு அண்மையில் வாழ்ந்தவர்கள். ஆயினும் 1990களில் தமிழகத்தில் தலித் இலக்கியம் பற்றிய உரையாடல் சூடுபிடித்தபோது, மராத்தி எழுத்து பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே தமிழை அடைந்தது. 1992இல் வெளிவந்த அர்ஜுன் டாங்களேயின் ஆங்கிலத் தொகுப்பு அதற்குப் பெரிதும் துணைநின்றது. ஒரே குழாயடியில் நீர் பிடித்தவரின் எழுத்து ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

மராத்தி பேசத் தெரிந்தோர் மன்றங்களில் இல்லாமல் இல்லை. அவர்களது மராத்தி சந்தைக்கும் பணியிடத்திற்கும் உரியது. இலக்கியம் படிக்கும் அளவிற்கு அதனை வளர்க்கும் முயற்சி நடைபெறவில்லை. 1966இல் தோன்றிய சிவசேனையின் தென்னிந்திய எதிர்ப்பு இவ்விலகலை வலுப்படுத்தியது என்பதையும் மறுப்பதற்கில்லை. அச்சூழலில் தமிழர் தம் மொழியைக் காப்பாகக் கொண்டனர். அருண் கொலட்கர் போன்ற மராத்திக் கவிஞர் பம்பாய் இந்தியிலேயே கவிதை எழுதி, அதனை அமெரிக்கத் தெருப்பேச்சு ஆங்கிலத்தில் தாமே பெயர்த்த செய்தி தமிழ் மேடைக்கு எட்டியிருப்பின், கலப்புமொழி பற்றிய தயக்கம் சிறிதேனும் குறைந்திருக்கக் கூடும்.

இப்பணிகளுக்குக் காலம் நிறைய இருப்பதாகத் தோன்றவில்லை. மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் மாணவர் தொகை தேய்ந்து வருகிறது. பெற்றோர் ஆங்கிலவழியை நாடுகின்றனர். தாராவியின் மறுசீரமைப்புக்கான ஒப்பந்தப்புள்ளி 2022இல் முடிவாகியுள்ளது. ஊர்வாரியாகவும் உறவுவாரியாகவும் அடுத்தடுத்துக் குடியிருந்தோர் அடுக்குமாடிகளில் அதே வரிசையில் அமர்த்தப்படுவர் என்பதற்கு உறுதி இல்லை. திருநெல்வேலி வழக்கு அங்கே மூன்று நான்கு தலைமுறைகள் நிலைத்தமைக்கு அவ்வரிசையே காரணம். இரண்டாம் தலைமுறையினரின் தமிழில் இந்தி வினைகள் தமிழ்த் துணைவினையோடு இணைந்து வழங்கும் முறை எழுத்தில் மிக அரிதாகவே பதிவாகியுள்ளது, ஒலிநாடாவிலும் அவ்வாறே. மன்றக் கூட்டங்களின் தொடக்கத்தில் மேடையேறுமுன், இருக்கைகளை ஒழுங்கு செய்யும்போது உறுப்பினர் தம்முள் பேசிக்கொள்வது அத்தமிழிலேதான்.