8 மி.மீ. வழி

தண்டுவட அழுத்தத்துக்கான எண்டோஸ்கோப் அறுவையைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் சின்னத் தழும்பைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதன் அருமை உள்ளே இருக்கிறது. வழக்கமான திறந்த அறுவையில் எலும்பை எட்டவே முதுகுத் தசையை உரித்து ஒதுக்க வேண்டும்; இங்கே தசையிழைகளை விலக்கிக்கொண்டு சுமார் 8 மி.மீ. குழாய் இறங்குகிறது. நுனி லென்ஸ் நரம்புறைக்கு அருகிலேயே நிற்க, ஓயாது பாயும் சலைன் ரத்தத்தைக் கழுவிக் காட்சியைத் தெளிவாக்குகிறது. வைரத்துகள் பதித்த பர் என்ற சுழலும் தேய்கருவியால் எலும்பைக் காகிதக் கனத்துக்குத் தேய்த்த பிறகே கடைசிச் சில்லைப் பெயர்க்கிறார்கள்.

பார்வை குறுகியது, திரையில் ஆழம் பிடிபடாது, கைபழக நாளாகும் என்பார்கள். உண்மைதான். வேறு வரம்புகளும் உண்டு. அறுவையின்போது இடுப்பு நரம்பு வேர்களைச் சற்று ஒதுக்கலாம்; தண்டுவடம் அதையும் பொறுக்காது. முள்ளெலும்புகள் நிலைகுலைந்திருந்தால் திருகாணி போட்டு இறுக்கத்தான் வேண்டும். ஆனால் இவையெல்லாம் யாருக்கு, யார் கையால் என்று தீர்மானிக்க உதவும் வாதங்கள். தகுந்த நோயாளிக்கு, அழுத்தத்தை மட்டும் நீக்கி மற்றதைத் தொடாமல் விடும் சிக்கனமே இம்முறையின் பெருமை.