யானையும் கனவு காணும்

கனவில் பாம்பு வந்தால் மாற்றம், புலி வந்தால் அடக்கிவைத்த சினம், பறவை வந்தால் விடுதலை. பெங்களூரில் வார இறுதிகளில் நடக்கும் கனவுப் பயிலரங்குகளிலும் கைபேசிச் செயலிகளிலும் இன்று புழங்கும் அகராதி இது. அதன் அடியில் இரண்டு துணிபுகள் இருக்கின்றன. கனவில் வரும் விலங்கும் வழிகாட்டியும் கனவு கண்டவரின் மனத்துண்டுகளே என்பது ஒன்று. நம்மிடம் முன்பு இருந்ததெல்லாம் பஞ்சாங்கத்துக் கனவுப் பலன் மட்டுமே, மனத்தின் ஆழத்தை உளவியலாளர் கார்ல் யுங் வந்துதான் திறந்து காட்டினார் என்பது மற்றொன்று. இரண்டாவது, நூல்களைத் திறக்காததால் வந்த பிழை. முதலாவது அதைவிடக் கொடியது. விலங்குக்கு இருந்த உயிரையும், கனவு கண்டவரைச் சூழ்ந்திருந்த மனிதர்களையும் அது ஒரே வீச்சில் அழித்துவிடுகிறது.

நிமித்தப் பட்டியல் நம்மிடம் இருந்தது உண்மை. பல் உதிர்வது, எண்ணெய் ஆடுவது, பன்றி மேல் ஏறுவது என்று கிள்ளிவளவனின் பகைவர் காணும் தீக்குறிகளைப் புறநானூற்றின் 41ஆம் பாட்டில் கோவூர்கிழார் அடுக்குகிறார். சிலம்பில் கோவலன் தன் கனவில் கொம்புடைய விலங்கின் மேல் ஏறிச் செல்கிறான். கம்பனின் திரிசடை, எண்ணெய் பூசிய இராவணன் கழுதையும் பேயும் பூட்டிய தேரில் தென்திசை போவதைக் காண்கிறாள். எந்தச் சாமத்துக் கனவு எவ்வளவு காலத்தில் பலிக்கும் என்று வகுத்துச் சொல்லும் கனா நூலும் தமிழில் உண்டு. பன்றி, எருமை, கழுதை என்று நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்த இந்தக் குறிமொழியை மட்டும் பார்த்தவர்கள், மரபு இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அவர்கள் கலித்தொகையின் 49ஆம் பாட்டைப் படித்திருக்க வேண்டும். புலியோடு போரிட்டு வென்ற யானை மலைச்சாரலில் களைத்துத் தூங்குகிறது. பகலில் செய்தது மனத்தில் தங்கியிருப்பதால் அதே புலி கனவில் வருகிறது. திடுக்கிட்டு எழுந்த யானை, எதிரே புதிதாகப் பூத்து நின்ற வேங்கை மரத்தைப் புலியென்று எண்ணிச் சிதைக்கிறது. சினம் தணிந்த பிறகு அந்த மரத்தைப் பார்க்க நேரும்போதெல்லாம் நாணித் தலை குனிகிறது. கனவு, மயக்கம், செயல், வெட்கம் ஆகிய நான்கும் ஒரு விலங்கின் உள்ளே நடக்கின்றன. நற்றிணை 87இல் ஊருக்குள் மாமரத்தில் தொங்கும் வௌவால், அழிசியின் பெருங்காட்டு நெல்லிக்கனியின் புளிப்பைக் கனவு காண்கிறது. ஓடுபாதையில் பயிற்சி பெற்ற எலிகளின் மூளை, கனவுறக்கத்தில் அதே ஓட்டத்தை மீண்டும் நிகழ்த்துவதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் கென்வே லூயியும் மாத்யூ வில்சனும் 2001இல் பதிவு செய்தார்கள். எலி என்ன கண்டது என்பதை அந்தப் பதிவு சொல்லாது. ஆனால் பகலின் செயல் விலங்கின் உறக்கத்திலும் தொடர்கிறது என்ற குறிஞ்சிக் கவிஞனின் பார்வை எவ்வளவு கூர்மையானது என்று அது காட்டுகிறது. விலங்குக்கும் அகம் உண்டு என்று அறிந்திருந்த ஒரு மரபில் வந்து, கனவு யானையை மனிதனின் அடையாளச் சீட்டாகச் சுருக்குவது பெரிய வறுமை.

அடுத்தது, கனவு யாருடையது என்ற கேள்வி. அசோகவனத்தில் உறக்கமே இல்லாத சீதைக்குக் கனவும் இல்லை. அவளுக்காகக் கனவு காண்பவள் திரிசடை. இரண்டு சிங்கங்கள் புலிக்கூட்டத்தோடு வந்து யானைகள் நிறைந்த காட்டை வளைப்பதையும், அங்கிருந்த மயில் வெளியேறுவதையும் அவள் காண்கிறாள். மிச்சக் கனவையும் கண்டு சொல், மறுபடி தூங்கு என்று சீதை கைகூப்பிக் கேட்கிறாள். ஒருத்தி உறங்க, இன்னொருத்திக்கு நம்பிக்கை பிறக்கும் இந்த இடம் உலக இலக்கியத்திலேயே அரிது என்று நினைக்கிறேன். அந்த மயில் திரிசடையின் மனத்துண்டு என்று எந்தப் பயிலரங்கு சொன்னாலும் கம்பன் ஒப்பமாட்டான். கணித மேதை ராமானுஜன் 1914இல் கடல் கடந்ததும் இதே வழியில்தான். நாமகிரித் தாயார் தன் கனவில் வந்து, மகனைத் தடுக்காதே என்று ஆணையிட்டதாகச் சொல்லித்தான் தாய் கோமளத்தம்மாள் இசைந்தார் என்று ராமானுஜனின் வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்கின்றன.

ஆக, கனவைச் சொல்வதும் கேட்பதும் இங்கே கனவின் பகுதிகள். சிலம்பில் கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். கோவலன் மாடலனிடம் சொல்கிறான். ஆயிரம் யானை சூழ நம்பி வந்ததை ஆண்டாள் தோழியிடம் சொல்கிறாள். கேட்டவர் சொல்வதையெல்லாம் ஏற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தீர்த்தமாடிக் காமனைத் தொழு என்று தேவந்தி சொல்ல, அது எமக்குப் பெருமையன்று என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். அவள் யார் என்பது அவள் கண்ட கனவைவிட அந்த மறுப்பில்தான் தெளிவாகத் தெரிகிறது.

கன்னட நாட்டில் இதற்கு இணையான பெருங்கதை சிரவணபெலகொளாவில் இருக்கிறது. சந்திரகுப்த மௌரியன் பதினாறு கனவுகள் கண்டு பத்திரபாகு முனிவரிடம் சொன்னதாகச் சமண மரபு கூறும். அரியணையில் குரங்கு, பொற்கலத்தில் பாயசம் உண்ணும் நாய், அன்னங்களை விரட்டும் குரங்குகள், கடைசியில் பன்னிரண்டு தலை நாகம். பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வரும் என்று முனிவர் நாகத்துக்குப் பொருள் சொல்ல, ஒரு துறவிக் கூட்டமே தெற்கே நடக்கிறது. பெங்களூரில் பிறந்த லூயிஸ் ரைஸ் 1889இல் அவ்வூர்க் கல்வெட்டுகளைப் பதிப்பித்தபோது, தேவசந்திரர் எழுதிய கன்னட ராஜாவளி கதையின் வழியே இந்தக் கதைக்குப் புது வெளிச்சம் கிடைத்தது. அங்குள்ள சந்திரகிரிக் குன்றின் சந்திரகுப்த பசதியில் இருவர் வரலாற்றையும் 90 காட்சிகளாகச் செதுக்கிய கற்சாளரங்களை இன்றும் காணலாம். இது நடந்த வரலாறுதானா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். அரியணைக் குரங்குக்குச் சொல்லப்படும் விளக்கத்தில் குலச்செருக்கு நாறுவதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் பாம்பு ஓர் அரசனின் உள்மனச் சிக்கலாக முடங்கவில்லை. மழையையும் பசியையும் பற்றிப் பேசியது. கேட்டவர் பொறுப்பேற்றுக் கிளம்பினார்.

இருபதாம் நூற்றாண்டின் உளவியலிடம் எனக்கு மனக்குறை உண்டு. 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர போஸ், பிராய்டோடு கடிதத்தில் வாதிட்ட சுயசிந்தனையாளர். அவரை மறந்துவிட்டு யுங்கை மட்டும் பிடித்துக்கொண்டோம். அந்த யுங்கையாவது ஒழுங்காகப் படித்தோமா? இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்காக 1938ஐ ஒட்டி வந்தவர் மைசூருக்கும் போனார். விழிப்பு, கனவு, உறக்கம் மூன்றையும் ஒன்றாக ஆராய வேண்டும் என்று வற்புறுத்திய வி. சுப்பிரமணிய ஐயரோடு உரையாடினார். கல்கத்தாவில் நோயுற்று மருத்துவமனையில் இருந்து வெளிவந்தபின் ஒரு கனவு கண்டார். அதில் இந்தியா இல்லை. ஆங்கிலக் கரையோரத் தீவும் கோட்டையும், ஐரோப்பியப் புராணத்தின் புனிதக் கிண்ணமும் வந்தன. தன் மண்ணின் வேலைக்குத் திரும்பு என்ற அழைப்பாகவே அதை அவர் எடுத்துக்கொண்டார். தன் கனவைத் தன் மண்ணில் வைத்துப் படித்தவரின் பெயரால், நம் கனவுகளை மண்ணிலிருந்து பிடுங்கும் அகராதி விற்கப்படுகிறது.

இந்த வாதத்துக்கு நம் காலத்தின் வலுவான சான்று, பாவண்ணன் வழியாகத் தமிழுக்கும் வந்த கிரீஷ் கர்னாடின் நாகமண்டலம் (1988). ஏ.கே. ராமானுஜனிடம் கேட்ட நாட்டுப்புறக் கதைகளிலிருந்து அது பிறந்தது. கணவன் அப்பண்ணா பகலில் உண்ண மட்டும் வந்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறான். ராணி, ஏழு கடல் தாண்டித் தன்னைத் தூக்கிச் செல்லும் கழுகைக் கனவில் காண்கிறாள். அப்போது அதைச் சொல்ல அவளுக்கு ஓர் ஆள் இல்லை. பிறகு புற்றிலிருந்து நாகம் கணவன் உருவில் இரவில் வருகிறது. இரவில் பேசியவன் பகலில் முகம் கொடுப்பதில்லை. எது கனவு, எது நனவு என்று கேட்டுத் தெளியவும் வழியில்லை. கண்ணகிக்குத் தேவந்தி இருந்தாள். ராணிக்குப் பூட்டிய கதவு இருந்தது. பாம்பு காமத்தின் குறியீடு என்று எழுதி முடித்த விமர்சனங்கள் அந்தப் பூட்டைப் பார்க்கவில்லை. அந்த நாகமோ அவள்மேல் கொண்ட அன்பால் உயிரை விடுகிறது. கலித்தொகை யானைக்குப் பிறகு, தனக்கென ஓர் அகம் உடைய விலங்கு இதோ மீண்டும் வந்திருக்கிறது.

மரபு செத்துவிடவும் இல்லை. காங்கேயம் அருகே சிவன்மலையில், முருகன் கனவில் வந்து சொன்ன பொருளைப் பக்தர் கோயிலில் தெரிவிக்கிறார். பூக் கேட்டுப் பார்த்து உத்தரவு கிடைத்தால், அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லோரும் பார்க்க வைக்கப்படுகிறது. அடுத்த கனவு வரும்வரை ஊரே அதற்குப் பொருள் தேடுகிறது. பலித்ததா இல்லையா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. ஒருவரின் கனவுக்கு ஊர் காது கொடுக்கிறது. அதுதான் எனக்கு முக்கியம்.

ஆய்வு போக வேண்டிய திசை இதுவே. பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உறக்கத்தை அளக்கிறது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தமிழ், கன்னடம், தெலுங்கு, தக்கினி உருது பேசும் வீடுகளில் விடிந்ததும் கனவுகள் சொல்லப்படுகின்றன. 'சாமி கனவுல வந்து கேட்டுச்சு' என்று ஒரு பாட்டி சொன்னால், யாரிடம் சொன்னாள், கேட்டவர் என்ன சொன்னார், பிறகு வீட்டில் என்ன நடந்தது என்ற மூன்றையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும். பல்கலைக்கழக நாட்டார் வழக்காற்றியல் துறைகளும் உளவியல் துறைகளும் கூடிச் செய்யவேண்டிய பணி. பாம்புக்கு ஒரே பொருள் தரும் அகராதி கனவு கண்டவரைத் தனியறையில் விட்டுவிட்டுப் போகிறது. நமக்கு வேண்டியது திரிசடைகளின், தேவந்திகளின் பதிவேடு. அது தொகுக்கப்படும்வரை கனவைப் பற்றி நாம் எழுதும் எந்தக் கோட்பாடும் அரைக் கோட்பாடுதான்.