முதுமையும் நினைவுச்சின்னமும்

எகிப்து நாட்டை 66 ஆண்டுகள் ஆண்டு, ஏறத்தாழத் தொண்ணூறு வயதில் மாண்டான் இரண்டாம் ராம்சேஸ் என்னும் பாரோ மன்னன். ஆபு சிம்பலில் மலையைக் குடைந்து தன் பேருருவங்களை அமைப்பித்தான். முன்னோர் எழுப்பிய சிலைகளிலும் தன் பெயரைப் பொறிப்பித்தான். உடல் அழியினும் கல் தன்னைக் காக்கும் என்று நம்பினான் போலும்!

நம் சிங்கப்பூரிலும் அவ்வயதை எட்டிய ஆட்சியாளர் ஒருவர் இருந்தார். 1959 முதல் 1990 வரை பிரதமராயிருந்த திரு. லீ குவான் இயூ, 2013-இல், தமது 89-ஆம் வயதில், ‘ஒன் மேன்ஸ் வியூ ஆஃப் தி வேர்ல்ட்’ என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். சீனம், அமெரிக்கா முதலிய நாடுகளை அளந்து செல்லும் அந்நூல், முடிவில் அவருடைய மரணத்தின்பால் திரும்புகிறது. ஆண்டுதோறும் உடல் தளர்வதை அவர் மறைக்கவில்லை. மீண்டெழ வழியில்லாதபோது குழாய்வழி உணவூட்டித் தம் உயிரை நீட்டலாகாதென்று எழுதிக் கொடுத்ததையும் கூறுகிறார். மறைந்த மனைவியை மறுமையில் காண விழைகிறார்; ஆயின் அது கூடுமென்று நம்பவில்லை. பொய்யான ஆறுதலை நாடாத இப்பகுதியே நூலின் உயிர் என்போம். ஏனைய பகுதிகளில் ஆட்சியாளர் பேசுகிறார். இங்கே மனிதர் பேசுகிறார்.

2011-இல் வெளிவந்த நேர்காணல் நூலில், தம் ஆக்ஸ்லி சாலை வீட்டைத் தமக்குப்பின் இடித்துவிட வேண்டுமென்றும் அவர் கூறியிருந்தார். நேருவின் வீடும் ஷேக்ஸ்பியரின் வீடும் பாழ்பட்டதைக் காரணங்காட்டினார். பாரோவுக்கு நேர்மாறான மனம் இது. அவர் 2015-இல் மறைந்தார். 2025-இல் அரசாங்கம் அவ்விடத்தைத் தேசிய நினைவுச்சின்னமாக்க முடிவு செய்தது. மக்கள் செயல் கட்சியைத் தோற்றுவிக்க 1954-இல் பலர் கூடிப் பேசிய இடம் அது. வீடு அவருடையதாயினும் வரலாறு அவர் ஒருவருடையதன்று. ஆதலின் காப்பதை நாம் குறைகூறோம், கோயிலாக்குவதையே அஞ்சுகிறோம்.

நூலுக்கும் இதுவே பொருந்தும். ‘ஒருவரின் நோக்கு’ என்று அவரே பெயரிட்ட நூலை வேதமாக்குதல் தகுமா? 1963-இல் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டோரின் நோக்கையும், இந்நகரின் சாலையும் மாடியும் சமைத்த கூலியாட்களின் நோக்கையும் அருகில் வைத்தே அதனைப் படித்தல் வேண்டும். அவை அந்நூலில் கிடைக்கமாட்டா; நாமே தேடி எழுத வேண்டும்.

சிராங்கூன் சாலைத் தேநீர்க்கடையில் ஒருவர் அவரைத் தெய்வமென்பார், மற்றொருவர் கொடுங்கோலரென்பார். இருவரும் நூலைப் பிரித்துப் பார்த்திரார்! தொழுவதும் தூற்றுவதும் எளிது. நண்பர்களே, படித்து ஆராய்வதன்றோ இறந்தவர்க்கு நாம் செய்யும் மரியாதை?