கட்டி சுருங்கினால்தான் குணமா?

புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து வேலை செய்கிறதா என்பதை எப்படி அறிவது? கட்டியை மீண்டும் படம் பிடித்து, முன்னைவிடச் சிறுத்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பதே வழக்கம். 2000-ஆம் ஆண்டில் வெளியான 'ரெசிஸ்ட்' என்னும் அளவுகோல் இதற்குத் திட்டமான விதிகளை வகுத்தது. கட்டிகளின் மிக நீண்ட விட்டங்களைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 30 விழுக்காடு குறைந்தால் மருந்து பலித்தது. 20 விழுக்காடு கூடினால் நோய் முற்றுகிறது. எந்த நாட்டு மருத்துவரும் ஒரே முறையில் அளக்கலாம் என்பது இதன் சிறப்பு. பருமன் ஒன்றையே நம்புவது இதன் குறை. இரைப்பையிலும் குடலிலும் தோன்றும் 'ஜிஸ்ட்' என்னும் கட்டி இக்குறையை வெளிப்படுத்திவிட்டது.

ஜிஸ்ட் கட்டிகளுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் 'கிட்' என்னும் ஜீனில் நேரும் மாறுதல். செல்லைப் பெருகச் சொல்லும் விசை ஓயாமல் முடுக்கப்பட்டே இருக்கிறது. அந்த விசையை அடக்கும் மருந்து இமாட்டினிப். அமெரிக்காவில் 2002-இல் ஜிஸ்ட் நோய்க்கு இது அனுமதிக்கப்பட்டது. மருந்து பட்ட கட்டி உடனே சுருங்கிவிடுவதில்லை. உள்ளே செல்கள் மடிந்து, அவ்விடம் கூழ்போல் ஆகிறது. சில வேளைகளில் இரத்தம் கசிந்து கட்டி பருப்பதும் உண்டு. அளவை மட்டும் பார்ப்பவர் நோய் வளர்கிறது என்று முடிவு கட்டி, பயன் தரும் மருந்தையே நிறுத்திவிடக்கூடும். இழப்பு நோயாளிக்கு அல்லவா?

பெட் ஸ்கேன் கேட்கும் கேள்வி வேறு. கதிரியக்க ஃப்ளூரின் சேர்த்த குளுக்கோசு போன்ற பொருளை ஊசி மூலம் செலுத்துகிறார்கள். சுறுசுறுப்பான புற்றுச் செல்கள் அதை மிகுதியாக ஈர்த்துப் படத்தில் ஒளிர்கின்றன. இமாட்டினிப் பலித்தால் சில நாள்களிலேயே அந்த ஒளி மங்கிவிடும். ஆயினும் இதுவும் குறையற்றதன்று. அழற்சி கண்ட இடமும் ஒளிரும். சில ஜிஸ்ட் கட்டிகள் தொடக்கத்திலிருந்தே ஒளிர்வதில்லை. ஃப்ளூரின்-18 சுமார் 110 நிமிடங்களில் பாதியாகத் தேய்வதால், அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் வெகு தொலைவில் இருக்க முடியாது. செலவும் மிகுதி.

அப்படியானால் சி.டி. ஸ்கேன் பயனற்றதா? இல்லை. குறை கருவியில் இல்லை, படத்தைப் படித்த முறையில் இருந்தது. சி.டி. படம் திசுவின் அடர்த்தியையும் எண்ணாகத் தருகிறது. அந்த ஹவுன்ஸ்ஃபீல்டு அளவையில் நீர் 0, காற்று -1000. 2007-இல் அமெரிக்காவில் சோய் குழுவினர், 40 ஜிஸ்ட் நோயாளிகளை ஆராய்ந்து புதிய விதி தந்தனர். கட்டி 10 விழுக்காடு சுருங்கினாலும், அடர்த்தி 15 விழுக்காடு குறைந்தாலும், மருந்து பலித்ததாகக் கொள்ளலாம் என்றனர். இரண்டு மாதச் சிகிச்சைக்குப் பின், பெட் ஸ்கேன் பலன் காட்டியவர்களில் 97 விழுக்காட்டினரை இவ்விதி இனங்கண்டது. ரெசிஸ்ட் முறை கண்டது 52 விழுக்காட்டினரை மட்டுமே.

இப்புது விதிக்கும் எல்லை உண்டு. படத்தில் திசுவைத் துலக்கும் மருந்தை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில், ஒரே நேர இடைவெளியில் செலுத்தாவிட்டால் அடர்த்தி எண்களை ஒப்பிட இயலாது. கட்டிக்குள் இரத்தம் கசிந்தால் அடர்த்தி கூடிக் காட்டும். ஜிஸ்ட் கட்டிக்காக வகுத்த விதி, குடலின் பிற புற்றுக் கட்டிகளுக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்வதும் தவறு. அடங்கிக் கிடக்கும் பெரிய கட்டிக்குள் ஒரு சிறு முடிச்சு புதிதாகத் தோன்றினால், நோய் திரும்புகிறது என்று பொருள். மொத்த விட்டமோ, சராசரி அடர்த்தியோ அதைக் காட்டாமல் போகலாம். கூர்ந்து பார்க்கும் மருத்துவரின் கண்ணே அதைப் பிடிக்கும்.

எந்த ஸ்கேன் உயர்ந்தது என்ற வாதத்தைவிட, அது கட்டியின் பருமனை அளக்கிறதா, உயிர்ப்பை அளக்கிறதா என்ற கேள்வியே முதலில் எழ வேண்டும். அதற்கு விடை தெரிந்த பிறகே, மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்ய முடியும்.