ஒரு பரீட்சைக்கு இரண்டு வேலை

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வெளிவந்த வாரத்தில் இலங்கையின் எந்த நகரத்துக்குப் போனாலும், பாடசாலை மதிலிலும் ரியூசன் கொட்டகை வாசலிலும் பத்து வயதுப் பிள்ளைகளின் படங்கள் பதாகையில் தொங்கும். படத்துக்குக் கீழே இருநூறுக்கு எத்தனை என்ற புள்ளி. இந்தப் பரீட்சையைத் திட்டாத பெற்றார் இல்லை. திட்டிக்கொண்டே பிள்ளையை மாலை வகுப்புக்கு ஏற்றிப் போகிறவர்களும் அவர்கள்தான்.

1940களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா இலவசக் கல்வியையும் கிராமப்புற மத்திய பாடசாலைகளையும் கொண்டுவந்த காலத்துத் திட்டம் இது. வசதியில்லாத வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டுபிடித்து, உதவிப்பணம் கொடுத்து, நல்ல பாடசாலையில் சேர்ப்பதே நோக்கம். அதில் இரண்டு வேலைகள் கலந்திருந்தன: பணம் கொடுப்பது, இடம் கொடுப்பது. இன்று முதலாவது பெயரளவில்தான் மிஞ்சியிருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாத உதவிப்பணம் 1,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன்னர் இருந்த 750 ரூபாவுக்கு நான்கு கிலோ அரிசி வாங்கவே இழுபறி. அந்தப் பணத்துக்காக எந்த வீடும் இரண்டு வருடம் தூக்கம் கெட்டிருக்காது. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஆண்டுதோறும் மண்டபத்துக்குள் கொண்டுவருவது ஆறாம் தரத்தில் பெரிய பாடசாலையொன்றில் கிடைக்கும் கதிரைதான்.

அந்தக் கதிரையைப் பங்கிடும் விதத்தில் இந்தப் பரீட்சைக்கு ஒரு நேர்மை உண்டு. குறை சொல்கிறவர்கள் அதை லேசில் கடந்துவிடுகிறார்கள். முதலாம் தர அனுமதியைப் பாருங்கள். சுற்றறிக்கைப்படி அயலில் குடியிருப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 வீதம். காணி உறுதி, மின்சாரப் பட்டியல், தேர்தல் இடாப்பு என்று கோப்பு தடிக்கத் தடிக்கப் புள்ளி கூடும். பாடசாலைக்குப் பக்கத்தில் வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ முடிந்தவருக்கு அந்தக் கோப்பு வாய்க்கும். தோட்டத்து லயத்தில் இருப்பவருக்கு வாய்க்காது. ஐந்தாம் தரத்திலோ விடைத்தாளில் இருப்பது சுட்டெண் மட்டும். திருத்துகிறவருக்குத் தகப்பனின் தொழில் தெரியாது, யாருடைய கடிதமும் அங்கே செல்லாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, வேறொன்றும் மாற்றாமல் பரீட்சையை மட்டும் ஒழித்துவிடலாம் என்ற யோசனையை நான் ஏற்கத் தயங்குகிறேன். வாசலைக் காக்கும் பொறுப்பு மறுபடியும் கோப்புக்காரர் கைக்கே போகும்.

ஆனால் சுட்டெண்ணின் நேர்மை மண்டபத்துக்குள் மட்டுந்தான். வெளியே, மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப வெட்டுப்புள்ளி மாறுகிறது. வசதி குறைந்த இடத்துக்குக் காட்டும் கரிசனை அது, சரி. எனினும் மாவட்டம் மிகப் பெரிய அளவுகோல். யாழ் நகரில் மூன்று ஆசிரியரிடம் மாறி மாறிப் போகும் பிள்ளைக்கும், நெடுந்தீவில் படகு ஓடாத நாளில் ஆசிரியரே வராத பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. நுவரெலியாவில் நகரமும் தோட்டமும் அப்படியே.

வகுப்பறைக்கு நேர்வது இன்னும் மோசம். ஆரம்பப் பிரிவில் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்றொரு பாடம் இருக்கிறது. பிள்ளையை வெளியே கூட்டிப்போய் இலையையும் எறும்பையும் பார்க்கவைக்க வேண்டிய பாடம். நான்காம் தரம் தாண்டியதும் அது சரியான விடையின் கீழ்க் கோடிடும் பாடமாகிவிடுகிறது. கடந்தகால வினாத்தாள், மாதிரி வினாத்தாள், கருத்தரங்கு. பிறகு பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன் நள்ளிரவோடு வகுப்புகளுக்குத் தடை, மீறினால் பொலிஸில் முறையிடலாம் என்ற அறிவித்தல். உயர்தரப் பரீட்சைக்குப் போடும் அதே தடை, பத்து வயதுக்காரருக்கும்!

2024 செப்டம்பரில் நடந்த பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகின. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. முடிவில் அந்த மூன்று வினாக்களுக்கும் தோற்றிய எல்லாருக்கும் முழுப்புள்ளி வழங்கப்பட்டது. மீண்டும் எழுதவைப்பதைவிட அது இரக்கமான தீர்வுதான். ஆயினும் அந்த வினாக்களைத் தானாகவே சரியாகச் செய்த பிள்ளைக்கு அதனால் கிடைத்த முந்துகை கரைந்துபோயிற்று. ஏறத்தாழ ஆறில் ஒருவரே வெட்டுப்புள்ளியைத் தாண்டிய அந்தப் பரீட்சையில் ஒன்றிரண்டு புள்ளி சின்ன விஷயமல்ல. ஒரு காலைப்பொழுதில், இரண்டு வினாத்தாளில், ஒரு பிள்ளையின் அடுத்த எட்டு வருடப் பாடசாலையைத் தீர்மானித்தால் இப்படித்தான் ஒவ்வொரு வினாவும் வழக்காகும்.

இங்கே கவனிக்க வேண்டியது, யார் யார் எழுதுகிறார்கள் என்பது. ஐந்தாம் தரத்தோடு முடிந்துவிடும் மலையகத் தோட்டப் பாடசாலைப் பிள்ளை எப்படியும் வேறு பாடசாலை தேடியாக வேண்டும். அதற்கு இந்தப் பரீட்சை உண்மையான வழி. உயர்தர விஞ்ஞானப் பிரிவு வரை உள்ள பாடசாலையில் முதலாம் தரத்திலேயே சேர்ந்துவிட்ட பிள்ளையும் அதே நாளில் அதே தாளை எழுதுகிறது. அதற்கு இருக்கும் இடமே போதும். அது எழுதுவது பெரும்பாலும் பாடசாலையின் பெயருக்காக, அதாவது மதில் பதாகைக்காக. ஆனால் அதற்குக் கிடைக்கும் பயிற்சியின் தரமே வினாத்தாளின் தரத்தையும் போட்டியின் சூட்டையும் ஏற்றுகிறது. இடம் தேவைப்படாதவர் ஓடும் வேகத்துக்கு இடம் தேவைப்படுகிறவர் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது.

எனவே இரண்டு வேலையையும் பிரிக்கலாம். உதவிப்பணத்துக்கு நாடளாவிய போட்டி எதற்கு? குடும்ப வருமானமும் பாடசாலைக் கணிப்பீடும் போதும். இடத்துக்கான பரீட்சையை, தன் பாடசாலையில் மேலே படிக்க வகுப்பில்லாத பிள்ளைகளுக்கும் வசதி குறைந்த பாடசாலைப் பிள்ளைகளுக்கும் மட்டும் வைக்கலாம். வெட்டுப்புள்ளியை மாவட்டத்துக்குப் பதில் கல்வி வலயத்தின்படி வகுக்கலாம். இப்படியொரு சுற்றறிக்கை வந்தால் முதல் எதிர்ப்பு தோட்டத்திலிருந்தோ தீவிலிருந்தோ வராது. பெரிய பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களிலிருந்தும், அவற்றுக்கு எதிரே வகுப்பு நடத்துகிறவர்களிடமிருந்தும் வரும். கல்வி அமைச்சர் யாராக இருந்தாலும் அவர்களுடைய தொலைபேசி அழைப்பைத்தான் முதலில் எடுக்கவேண்டியிருக்கும்.