‘கேஜ்’ என்னும் சொல்: செயற்கைப் புலங்களைத் தமிழில் உரைப்பதிலுள்ள பொருட்சிக்கல்

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் ‘கேஜ்’ என்பது உதிரிப்பாகத்தின் அளவைச் சரிபார்க்கும் கருவி. அவ்வூர் வழிச் செல்லும் சென்னை–கூடூர் இருப்புப்பாதையில் அது தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட 1,676 மி.மீ. அகலம். இவ்விரு வழக்கிலும் அளவு எங்கும் மாறாதிருத்தலே பயன். இயற்பியலின் ‘கேஜ் புலம்’ இதற்கு மாறான கருத்தினது. இவ்வழக்குகளுக்குப் பழகிய மாணவர் அதனை அளவுக்கருவி சார்ந்ததெனப் பிழைபடக் கொள்ள இடமுண்டு.

கருத்தும் பெயரும்

நீள அளவுகோலை இடந்தோறும் தனித்தனியே தெரிவு செய்யலாம் என்னும் கோட்பாட்டை எர்மன் வைல் 1918இல் முன்வைத்தார். அவ்வாறாயின் அணுவின் நிறமாலைக் கோடுகள் அது கடந்துவந்த பாதையைச் சார்ந்து மாறவேண்டும் என ஐன்ஸ்டைன் மறுத்தார். 1929இல் வைல் அக்கருத்தைக் குவாண்டம் அலையின் கட்டத்திற்குப் பொருத்தினார். பெயர் மட்டும் பழையதாகவே நின்றது. கட்டத்தை எக்குறியிலிருந்து அளந்தாலும் காணத்தக்க விளைவு மாறுவதில்லை. வெவ்வேறு இடத்துக் குறிகளை ஒப்பிட உதவும் இணைப்பே இங்குப் புலம் எனப்படுகிறது.

‘செயற்கை’ என்னும் அடை

மின்னூட்டமற்ற அணு, காந்தப்புலத்தில் எலக்ட்ரானைப் போல் வளைந்து செல்லாது. 2009இல் அமெரிக்காவில் இயன் ஸ்பீல்மன் குழுவினர், மீக்குளிர்ந்த ருபீடியம்-87 அணுக்களின் போசு–ஐன்ஸ்டைன் செறிபொருளில் லேசர் கற்றைகளால் அவ்விணைப்பை உருவாக்கினர். செறிபொருளில் சுழிப்புகள் தோன்றின. இத்தகைய புலம் வலுப்பெறின், அப்புலமே பண்புகளை நிர்ணயிக்கும் அணு இணைகள் உருவாகும் எனப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஜெயந்த வியாசநகெரே, விஜய் செனாய் ஆகியோர் 2011இல் கோட்பாட்டளவில் காட்டினர். அவ்விணைகளுக்கு ‘ராஷ்பான்’ எனப் பெயரிட்டனர். 2023இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இரண்டே ருபீடியம் அணுக்களில் பின்னக் குவாண்டம் ஹால் நிலையை நிகழ்த்தினர். எனவே ‘செயற்கை’ என்பது புலம் தோன்றிய வழியையே சுட்டும். அதனைப் ‘போலி’ எனக் கொள்வது பொருந்தாது. சுழிப்பு மெய்யாகவே காணப்பட்டது.

முடிவுரை

ஒரு கலைச்சொல்லின் தகுதி அதன் தொடர்ச்சொற்களில் வெளிப்படும். ‘அளவி’ எனக் கொண்டால் ‘அளவி மாற்றம்’ என்பது பட்டறையில் கருவியை மாற்றுவதாகவே பொருள்படும். ‘மானி’க்கும் இக்குறை உண்டு. ஒலிபெயர்ப்போ பொருளை உணர்த்தாது, பழைய பொருளையே நினைவூட்டும். ‘ஒப்பளவுப் புலம்’ என்றால் ‘ஒப்பளவு மாற்றம்’, ‘ஒப்பளவுச் சமச்சீர்மை’ ஆகியன தடையின்றி அமையும். ஒப்பிடுதல் என்னும் மையக்கருத்தும் சொல்லிலேயே நிற்கும். பாடநூலாக்கத்தில் இச்சொல் முதலில் விளக்கத்துடனும் ‘கேஜ்’ என்னும் வழக்குடனும் இணைத்து ஆளப்படுதல் நன்று.